அட்டவணையில் இல்லாத தீபாவளி: தேடல் கணக்கை ஏஐ-யிடம் கொடுக்கும்போது

2025 நவம்பர் மூன்றாம் வாரம் ஓர் அக்கா கூப்பிட்டார். மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ்டவுன் லிட்டல் இந்தியாவில் பூக்கடை வைத்திருப்பவர். மாலை, தோரணம், பூஜைப் பொருள் எல்லாம் அங்கே கிடைக்கும். கல்யாண மாலை ஆர்டர் பாதி வாட்ஸாப்பில் வரும், பாதி இணையத்தளத்தில் வரும். தளம் தமிழ், ஆங்கிலம், மலாய் என மூன்று மொழியில் இருக்கிறது. தமிழ்ப் பக்கங்களை அக்காவே ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து எழுதினார்.

“தம்பி, கூகுள் தேடல் கணக்கை இறக்கி ஏஐ-கிட்ட கொடுத்துப் பார்த்தேன். போன வருஷத்தைவிட ஆள் பாதிக்கும் கீழே குறைஞ்சிட்டாங்களாம். தமிழ்ப் பக்கத்துக்கு யாரும் வர்றதில்ல, எடுத்துடுங்கன்னும் சொல்லுது. எடுத்துடவா?”

“ஒண்ணும் எடுக்காதீங்க அக்கா, சாயங்காலம் கடைக்கு வர்றேன்” என்றேன்.

போய்ப் பார்த்தால், ஏஐ கூட்டியதிலும் கழித்ததிலும் பிழையே இல்லை. அதிலிருந்து எடுத்த இரண்டு முடிவும் தவறு. இது எப்படி நடக்கிறது என்பதை விவரமாக எழுத வேண்டும் என்று அன்றைக்கே தோன்றியது. இதே வேலையை இதே மாதிரி செய்கிற சிறு கடைக்காரர்கள் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸிலும் மஸ்ஜித் இந்தியாவிலும் நிறைய இருக்கிறார்கள். ஒரு தவறான வரியை நம்பிப் பல மாத உழைப்பை அழித்துவிடக் கூடாது.

முதலில் அந்த அட்டவணை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவசச் சேவை அது. 2015 மே மாதம் வரை வெப்மாஸ்டர் டூல்ஸ் என்று பெயர். நம் தளம் கூகுள் தேடலில் எத்தனை முறை காட்டப்பட்டது (இம்ப்ரெஷன்), எத்தனை முறை அழுத்தப்பட்டது (கிளிக்), காட்டியதில் அழுத்தியது எத்தனை சதவீதம், சராசரியாக எத்தனையாவது இடத்தில் வந்தது என்ற நான்கு எண்களை அது தருகிறது. தேடிய சொல், பக்கம், நாடு, கருவி (கைப்பேசியா, கணினியா), தேதி என்று பிரித்தும் பார்க்கலாம். 16 மாதக் கணக்கு இருக்கும். திரையிலிருந்து இறக்கும் கோப்பில் ஓர் அட்டவணைக்கு அதிகபட்சம் 1000 வரிதான் வரும். சிறிய கடைக்கு அது தாராளம். பெரிய தளம் என்றால் ஏபிஐ (நிரல் மூலம் கணக்கை எடுக்கும் வழி) வழியாகவோ, கூகுளின் தரவுக் கிடங்கான பிக்குவெரிக்கு அனுப்பும் 2023-இல் வந்த வசதி வழியாகவோ கூடுதலாக எடுக்கலாம். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட எம்சிபி என்ற பொது இணைப்பு முறைக்குப் பிறகு, கோப்பே இறக்காமல் ஏஐ உதவியாளரை நேரடியாகக் கணக்கோடு இணைத்துவிடவும் வழி வந்துவிட்டது. எந்த வழியில் போனாலும் ஏஐ-யின் கைக்குப் போவது இந்த நான்கு எண்கள்தான். கடை எங்கே இருக்கிறது, எப்போது திருவிழா, வருகிறவர்கள் யார் என்பதற்கெல்லாம் அதில் ஒரு நெடுவரிசையும் கிடையாது.

அக்கா இறக்கிய கோப்பைத் திறந்தேன். சர்ச் கன்சோலே தருகிற ஒரு வசதியை அழுத்தியிருந்தார்: கடைசி 28 நாளைப் போன வருடத்தின் அதே நாட்களோடு ஒப்பிடுவது. அதாவது அக்டோபர் 21 முதல் நவம்பர் 17 வரை, 2025-க்கும் 2024-க்கும். 2024-இல் தீபாவளி அக்டோபர் 31. 2025-இல் அக்டோபர் 20. போன வருடத்து 28 நாளுக்குள் தீபாவளி முழுசாக உட்கார்ந்திருக்கிறது. இந்த வருடத்து 28 நாள் தீபாவளிக்கு மறுநாள்தான் தொடங்குகிறது. பண்டிகை வாரத்துக்குப் பக்கத்தில் பண்டிகை முடிந்து ஓய்ந்த வாரத்தை வைத்தால் பாதியாகத்தானே தெரியும்?

நமக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம் இது. நம் பண்டிகைகள் ஆங்கில நாட்காட்டியில் ஒரே இடத்தில் நிற்பதில்லை. தைப்பூசம் 2025-இல் பிப்ரவரி 11, 2026-இல் பிப்ரவரி 1. தேதியை மட்டும் ஒப்பிட்டால் ஜனவரி பிரமாதமாக ஏறியதாகவும் பிப்ரவரி சரிந்ததாகவும் வரும். ஏஐ-க்குத் தீபாவளி என்றால் என்னவென்று தெரியும். கேட்டால் தேதியும் சொல்லும். ஆனால் கேட்காதவரை, தன் முன்னால் இருக்கிற அட்டவணையோடு அதைச் சேர்த்துப் பார்ப்பது அதன் வழக்கமில்லை. நாம் கேட்டது “ஏன் குறைந்தது?” என்று. குறைந்ததற்குக் காரணம் தேடிக் கொடுத்துவிட்டது. கேள்வியிலேயே பதில் பாதி இருந்தது.

தேதியில் இன்னொரு சிக்கலும் உண்டு, பலரும் கவனிக்காதது. சர்ச் கன்சோலின் ஒரு நாள் நம்முடைய நாளாக இருக்காது. அது அமெரிக்கப் பசிபிக் நேரப்படி எண்ணுகிறது. அக்டோபரில் அங்கே நள்ளிரவு 12 மணி என்றால் இங்கே பினாங்கில் பிற்பகல் 3 மணி. நவம்பர் தொடக்கத்தில் அவர்கள் கடிகாரத்தை மாற்றிய பிறகு 4 மணி. ஆக, போன வருட அட்டவணையில் தீபாவளி நாளான அக்டோபர் 31 என்று இருப்பது நமக்கு 31-ஆம் தேதி பிற்பகல் 3 முதல் நவம்பர் 1-ஆம் தேதி பிற்பகல் 3 வரை. தீபாவளி அன்று விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு “பூக்கடை திறந்திருக்கா” என்று ஒருவர் தேடினால் அது 30-ஆம் தேதிக் கணக்கில் விழும். ஏஐ அதைப் பார்த்து, “வாடிக்கையாளர்கள் முந்தின நாளே வாங்கிவிடுகிறார்கள், தீபாவளி அன்று கடையைச் சீக்கிரம் மூடலாம்” என்று அக்காவுக்கு ஆலோசனை சொல்லியிருந்தது. அன்று காலையில்தான் கடையில் நிற்க இடமிருக்காது.

இம்ப்ரெஷனும் குறைந்திருந்தது, அதற்கு வேறொரு கதை. தேடல் முகவரியில் ஒரு குறிப்பைச் சேர்த்து ஒரே பக்கத்தில் 100 முடிவுகளை வரவழைக்கிற வசதியை 2025 செப்டம்பரில் கூகுள் நிறுத்தியது. மனிதர்கள் அதை அதிகம் பயன்படுத்தியதில்லை. தரவரிசையைக் கண்காணிக்கும் மென்பொருள்கள்தான் அதை வைத்து 80-ஆவது, 90-ஆவது இடம் வரை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தன. அப்படி இழுத்தபோதெல்லாம் கடைசியில் கிடந்த தளங்களுக்கும் ஒரு இம்ப்ரெஷன் சேர்ந்தது. வசதி போனதும் பல தளங்களில் கணினி வழி இம்ப்ரெஷன் சட்டென்று விழுந்தது. கூடவே சராசரி இடம் மேலே ஏறியது. கடையில் ஒரு ஆளும் கூடவில்லை, குறையவில்லை. இதைச் சரிபார்க்கச் சுலபமான வழி, கருவிவாரியாகப் பிரிப்பது. கணினியில் மட்டும் விழுந்து கைப்பேசியில் அப்படியே இருந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். அக்காவின் கணக்கில் அப்படித்தான் இருந்தது.

சரி, கணக்குப் போடுகிற முறைக்கு வருவோம். சாட்ஜிபிடி, கிளாட், ஜெமினி எதுவானாலும் அடிப்படையில் மொழி மாதிரிகள், அதாவது அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்து எழுதுபவை. நீண்ட அட்டவணையை அரட்டைப் பெட்டியில் ஒட்டிவிட்டு “கூட்டிச் சொல்லு” என்றால், வாசித்து மதிப்பிட்டுச் சொல்லிவிடும் ஆபத்து இருக்கிறது. கோப்பாக இணைத்து “நிரல் எழுதி ஓட்டிக் கணக்குப் போடு, நிரலையும் காட்டு” என்று கேட்டால் அந்த ஆபத்து பெரும்பாலும் போய்விடும். அக்கா கோப்பாகத்தான் கொடுத்திருந்தார், அதனால்தான் கூட்டல் சரியாக இருந்தது. ஆனால் நிரல் ஓடினாலும் எதைச் சராசரி எடுக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். ஒரு சொல்லுக்கு 10 முறை காட்டி 5 கிளிக், அதாவது 50 சதவீதம். இன்னொரு சொல்லுக்கு 1000 முறை காட்டி 20 கிளிக், 2 சதவீதம். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 26 சதவீதம் வரும். உண்மையில் 1010 முறை காட்டி 25 கிளிக், இரண்டரை சதவீதம்கூட இல்லை. சதவீதங்களைச் சராசரி எடுப்பது ஏஐ அடிக்கடி செய்யும் பிழை. மனிதர்களும் செய்வதுதான்.

சராசரி இடத்தில் இது இன்னும் மோசமாக ஏமாற்றும். நேற்று வரை கடைப் பெயருக்கு மட்டும் 2-ஆவது இடத்தில் வந்துகொண்டிருந்த தளம், புதிதாக ஒரு பக்கம் எழுதி அது 40-ஆவது இடத்தில் தலைகாட்ட ஆரம்பித்தால், மொத்தச் சராசரி கீழே போகும். பழைய பக்கம் ஓர் இடம்கூட இறங்கியிருக்காது. புதிதாக ஒன்று முளைத்திருப்பதை ஏஐ “தரவரிசைச் சரிவு” என்று எழுதிவிடும். அதனால் இடத்தைப் பற்றிக் கேட்கும்போது ஒரு சொல், ஒரு பக்கம் என்று நிறுத்திக் கேட்பது நல்லது.

இப்போது தமிழ்ப் பக்கங்கள். எனக்கு உண்மையிலேயே மனசு வலித்த இடம் இது.

“தமிழ்ச் சொல்லில் தேடி வருகிறவர்கள் அநேகமாக இல்லை” என்று ஏஐ சொன்னதற்கு ஆதாரம் இருந்தது: இறக்கிய சொல் பட்டியலில் தமிழ் எழுத்தில் சில வரிகள்தான். ஆனால் அந்தப் பட்டியலில் எல்லாச் சொற்களும் வருவதில்லை. இரண்டு மூன்று மாதத்தில் சில டஜன் பேருக்கு மேல் தேடாத சொற்றொடரைத் தனியுரிமைக்காகக் கூகுள் மறைத்துவிடும். கிளிக் மொத்தத்தில் சேரும், சொல் மட்டும் வெளியே வராது.

இந்த விதி எல்லா மொழிக்கும் பொதுதான். ஆனால் தமிழுக்கு அடி பலமாக விழுகிறது. மலேசியாவில் இந்திய வம்சாவளியினர் மொத்தமே சுமார் 20 லட்சம். அதில் தமிழ் எழுத்தில் தட்டித் தேடுகிறவர்கள் இன்னும் குறைவு. அப்புறம் நம் மொழியின் அமைப்பு. ஒரே கல்யாண மாலைக்கு ஒருவர் ‘கல்யாண மாலை’ என்பார், ஒருவர் ‘திருமண மாலை’, இன்னொருவர் ‘மணமாலை’. ‘மல்லிகைப்பூ மாலை’, ‘மல்லிப்பூ மாலை’, ‘மல்லிகை மாலை விலை’ என்று ஒட்டியும் பிரித்தும், ஒற்று போட்டும் போடாமலும் வரும். ஆங்கிலத்தில் ஒரே வரியில் குவிகிற தேவை தமிழில் இருபது வரியாகச் சிதறுகிறது. ஒவ்வொரு வரியும் தனித்தனியாக அந்த எல்லையைத் தொடாமல் மறைந்துபோகிறது. ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் தட்டிய சொல் நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

சரிபார்க்கிற வழி இருக்கிறது, ஐந்து நிமிட வேலை. சர்ச் கன்சோலில் தமிழ்ப் பக்கங்களின் முகவரியை மட்டும் வடிகட்டி, மேலே வரும் மொத்தக் கிளிக்கைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அதே வடிகட்டலில் கீழே வரும் சொல் பட்டியலின் கிளிக்குகளைக் கூட்ட வேண்டும். பட்டியல் 1000 வரியைத் தொடாத தளத்தில், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மறைந்த சொற்களின் கிளிக். அக்காவின் கடையில் மொத்தத்தில் பெரும்பகுதி அந்த வித்தியாசத்துக்குள் இருந்தது. எல்லாமே தமிழ் எழுத்தில் வந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டியவர்களும் அதற்குள் இருக்கலாம். ஆனால் அந்தப் பக்கங்களைத் திறந்து படித்தவர்கள் இருக்கிறார்கள் என்பதில் சந்தேகமில்லை. மூன்று மாதத்து ஆர்டர் நோட்டைப் புரட்டியபோது, தமிழ்ப் பக்கத்தின் படிவத்திலிருந்து வந்த கல்யாண ஆர்டர்களும் அதில் இருந்தன.

தமிழ்ப் பக்கத்தின் கிளிக் விகிதம் குறைவாகத் தெரிந்ததற்கும் ஒரு காரணம் கிடைத்தது. நாடுவாரியாகப் பிரித்தால், ‘மாலை கட்டுவது எப்படி’ என்று அக்கா எழுதிய பக்கம் தமிழ்நாட்டிலிருந்து தேடுகிறவர்களுக்கு நிறைய காட்டப்பட்டிருக்கிறது. மதுரையில் இருக்கிறவர் பினாங்குக் கடையை ஏன் அழுத்தப் போகிறார்? மலேசியாவை மட்டும் வடிகட்டியதும் விகிதம் ஆங்கிலப் பக்கத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

அந்த 28 நாள் கோப்போடு 16 மாதச் சொல் பட்டியலையும் அக்கா கொடுத்திருந்தார். சொற்களைக் குழுவாகப் பிரிப்பதில் ஏஐ-யின் உதவி பெரியது. மூன்று மொழி, அதிலும் தமிழை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதும் பட்டியலை நான் கையால் பிரித்தால் ஒரு நாள் ஆகும். அது ஒரு நிமிடத்தில் பிரித்துவிட்டது. ஆனால் ஊர் தெரியாத இடங்களில் தடுக்கி விழுந்திருந்தது. எம், ஏ, எல், ஏ, ஐ என்று ஆங்கில எழுத்தில் தட்டினால் அது மாலையாகவும் இருக்கலாம், மலையாகவும் இருக்கலாம். பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலைத் தேடியவர்களை எல்லாம் அது மாலை வாங்க வந்தவர்களாக எண்ணியிருந்தது. தமிழ் எழுத்திலும் தப்பவில்லை: ‘மாலை பூஜை நேரம்’ என்று சாயங்காலப் பூஜையைக் கேட்டவரும் மாலைக் குழுவில் இருந்தார். மலாயில் ‘புங்கா’ என்றால் பூ. அதனால் ‘கெபுன் புங்கா’ என்று தேடியவர்களும் பூ வாங்குகிறவர்களாகி இருந்தார்கள். பினாங்கில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அது தாவரவியல் பூங்காவின் பெயர், தண்ணீர்மலைக்குப் போகிற சாலையின் பெயரும் ஜாலான் கெபுன் புங்கா.

தேங்காய்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. தைப்பூசத்தோடு சேர்த்துத் தேங்காயைத் தேடிய வரிகள் ஜனவரி, பிப்ரவரியில் கொஞ்சம் இருந்தன. அவற்றைச் ‘சமையல்’ என்று ஒதுக்கி, “உங்கள் தொழிலுக்குத் தொடர்பில்லாதது, விட்டுவிடலாம்” என்று குறித்திருந்தது. பினாங்குத் தைப்பூசத்தில் ரதம் வரும் வழியெங்கும் தேங்காய் குவியல் குவியலாக உடைபடும். வெள்ளி ரதம் பினாங்கு ஸ்திரீட்டில் உள்ள நகரத்தார் கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலை நோக்கிப் புறப்படுகிறது, 2017-லிருந்து தங்க ரதமும் வருகிறது. அப்படித் தேடியவர்கள், நேர்த்திக்கடனுக்கு மூட்டை மூட்டையாகத் தேங்காய் வாங்குகிறவர்கள். அக்கா அந்த வரிகளைப் பார்த்ததும் பூத்தொடுப்பதை நிறுத்திவிட்டு, “இவங்கெல்லாம் என் ஆளுங்கதானே தம்பி!” என்றார்.

இன்னொரு சிறு விஷயம், பழைய கோப்பு வைத்திருப்பவர்களுக்கு. அக்காவிடம் பொருள் பட்டியல் ஒன்று யுனிகோடுக்கு (எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீட்டு முறை) முந்தைய எழுத்துருவில் தட்டப்பட்டு, பிறகு மாற்றப்பட்டது. முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் பிறந்ததும், 2001-இல் தமிழ் இணைய மாநாடு நடந்ததும் இந்த நாட்டில்தான். கணினியில் தமிழ் தட்டுவதை முன்கூட்டியே தொடங்கியவர்கள் நாம், அதனால் இப்படிப்பட்ட பழைய கோப்புகளும் நம்மிடம் உண்டு. ‘தோரணம்’ என்பதில் இருக்கும் ஓகாரக் குறியை யுனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறி, கால் என இரண்டு குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. நிரலுக்கு வேறு வேறு. பட்டியலில் உள்ள தோரணம் தேடலில் ஒரு முறைகூட வரவில்லை என்று ஏஐ சொன்னது இதனால்தான். “ஒப்பிடும் முன் யுனிகோடைச் சீராக்கு” என்று ஒரு வரி சேர்த்ததும் தோரணம் கிடைத்துவிட்டது.

அட்டவணையிலிருந்து எடுக்கவே முடியாத பதில்களும் உண்டு. கூகுள் தேடலின் உச்சியில் வரும் ஏஐ சுருக்கம் 2025 மே மாதம் 200-க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு விரிந்தது. அதனால் எத்தனை கிளிக் போயிற்று என்று எல்லோரும் கேட்கிறார்கள். சர்ச் கன்சோலில் இறக்கும் கோப்பு அந்தச் சுருக்கத்தின் இம்ப்ரெஷனையும் கிளிக்கையும் சாதாரண வலைத் தேடலோடு சேர்த்தே எண்ணுகிறது. அந்தக் கோப்பை வைத்துக்கொண்டு உதவியாளர் ஓர் எண்ணைச் சொன்னால் அது ஊகம். எந்த நெடுவரிசையிலிருந்து எடுத்தாய் என்று திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொண்டுவிடும்.

அன்று ராத்திரி கடை சாத்துவதற்குள், பக்கமும் தேதியும் சேர்ந்த 16 மாதக் கணக்கை ஏபிஐ வழியாக எடுத்து, கேள்வியையும் மாற்றி எழுதினோம். கிட்டத்தட்ட இப்படி: “இது பினாங்கு ஜார்ஜ்டவுனில் உள்ள பூக்கடை. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வடமலேசியாவில் இருப்பவர்கள். தேதிகள் பசிபிக் நேரத்தில் உள்ளன. 2024 தீபாவளி அக்டோபர் 31, 2025 தீபாவளி அக்டோபர் 20. அந்த நாளுக்கு முந்தைய 28 நாட்களை ஒன்றோடொன்று ஒப்பிடு. மலேசியா மட்டும், கைப்பேசி தனி, கணினி தனி. சதவீதங்களைச் சராசரி எடுக்காதே, மொத்தத்திலிருந்து கணக்கிடு. காரணம் சொல்லும்போது எது அட்டவணையில் இருக்கிறது, எது உன் ஊகம் என்று பிரித்து எழுது.” வாடிக்கையாளர் பெயரும் தொலைபேசி எண்ணும் உள்ள ஆர்டர் கோப்பைக் கொடுக்கவில்லை. அந்த விவரங்களை எங்கேயோ ஏற்றிவிடும் உரிமை நமக்கு இல்லை, மலேசியாவின் 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது.

இந்த முறை வந்த பதில் வேறு மாதிரி இருந்தது. தீபாவளிக்கு முந்தைய நாட்கள் இரண்டு வருடமும் கிட்டத்தட்ட சமம், கைப்பேசியில் கொஞ்சம் கூடுதல். கூடவே எங்கள் இருவர் கண்ணிலும் படாத ஒன்றை அது எடுத்துக் காட்டியது. ஆங்கிலத்தில் கல்யாண மாலை விலைப் பக்கம் ஜூலையில் ஒரு குறிப்பிட்ட நாளோடு கிளிக் இல்லாமல் நின்றிருக்கிறது. அதே வாரம் வேறு முகவரியில் அதே மாதிரி ஒரு பக்கம், மிகக் கீழே ஓர் இடத்தில் தொடங்கியிருக்கிறது. அக்காவுக்கு உடனே நினைவு வந்தது. அக்கா மகன் தளத்தின் வடிவத்தை மாற்றிய வாரம் அது. பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்பிவிட மறந்திருக்கிறார்கள். அத்தனை வரிகளுக்குள் இப்படி ஒரு நாளைக் கண்டுபிடிப்பது மனிதக் கண்ணுக்குக் கஷ்டம். ஏஐ-க்கு அது சர்வசாதாரணம். நிரந்தரத் திருப்பத்தை அங்கேயே உட்கார்ந்து போட்டுவிட்டோம்.

தேங்காய்ப் பக்கத்தை அக்கா டிசம்பரிலேயே எழுதிவிட்டார், தமிழில் முதலில், பிறகு மற்ற இரண்டு மொழியில். கல்லாவுக்குப் பின்னால் தொங்கும் நாட்காட்டியில் 2026 தீபாவளி நாளான நவம்பர் 8-ஐச் சிவப்பில் வட்டம் போட்டு, அதிலிருந்து 28 நாள் பின்னால் எண்ணி, அக்டோபர் 11-இல் இன்னொரு வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.